ஊசியா, கைப்பட்டியா? இதயச் சிகிச்சையின்போது இரத்த ஓட்டத்தை அறியும் வழிகள்

இதயத்தில் ஒரு சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது, உடலெங்கும் இரத்தம் போதிய விசையுடன் ஓடுகிறதா என்பதை எப்படி அறிவது? தமனிக்குள் குழாய் செருகி நேரடியாக அளக்கத்தான் வேண்டுமா, தோலைத் துளைக்காமல் வெளியிலிருந்தே அறிந்துகொள்ள முடியுமா? இந்தக் கேள்விக்கு மருத்துவம் ஏறக்குறைய 300 ஆண்டுகளாக விடை தேடி வருகிறது. ஒவ்வொரு தலைமுறையும் தன் கையிலிருந்த கருவியைக் கொண்டு ஒரு விடை சொன்னது. அந்த விடை எங்கே பிழைக்கிறது என்பதை அடுத்த தலைமுறை காட்டியது.

விவாதத்தின் பெரும்பகுதி பெருநகர்ச் சத்திரசிகிச்சைக் கூடங்களிலிருந்து எழுதப்பட்டது. ஊவா மலைகளிலிருந்து பார்த்தால் கேள்வியின் எடை இடம் மாறுகிறது. A4 வீதியில் பெரகலைக்குக் கீழே, மலைச்சரிவில் இருக்கும் ஹல்துமுல்லையில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தால், அவருக்கான இதயச் சிகிச்சை கதீற்றர் அறையில் தொடங்குவதில்லை. தோட்ட டிஸ்பென்சரியிலோ பிரதேச வைத்தியசாலையிலோ ஒருவர் அவர் புயத்தில் பட்டியைச் சுற்றும்போதே தொடங்கிவிடுகிறது. எனவே முக்கிய நிலைப்பாடுகளை எடுத்துப் பார்ப்பதோடு, அவை அந்த மலைப்பாதையில் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதையும் இங்கே கேட்க வேண்டியிருக்கிறது.

குதிரையிலிருந்து கைப்பட்டி வரை

இங்கிலாந்துப் பாதிரியாரான ஸ்டீபன் ஹேல்ஸ் 1733இல் வெளியிட்ட நூலில், ஒரு பெண் குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனுடன் நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்த பரிசோதனையை விவரித்தார். கண்ணாடிக் குழாயில் இரத்தம் 8 அடிக்கு மேல் எழுந்து, ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்கியது. 1828இல் புவாசெய் அந்த உயரமான குழாயைப் பாதரசம் நிரப்பிய சிறிய குழாயாகச் சுருக்கினார். இன்றும் நாம் 'மில்லிமீற்றர் பாதரசம்' என்று அளவிடுவது அங்கிருந்து வந்த பழக்கம். 1847இல் கார்ல் லுட்விக் அந்த ஏற்ற இறக்கத்தைச் சுழலும் உருளையின் மேல் கோடாக வரைய வைத்தார். மூன்றுமே தமனியைத் திறந்து அளந்த முறைகள். பரிசோதனைக் கூடத்து விலங்குக்குப் பொருந்தின, கட்டிலில் கிடக்கும் நோயாளிக்குப் பொருந்தவில்லை.

வெளியிலிருந்து அளக்கும் முயற்சியை 1881இல் ஃபொன் பாஷ் செய்தார். அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் துரின் நகரத்து ரிவா-ரொச்சி. 1896இல் அவர் அறிமுகப்படுத்திய புயப் பட்டியை ஊதி, மணிக்கட்டு நாடி மறையும் அழுத்தத்தைப் படித்தார்கள். மேல் அழுத்தம் மட்டுமே கிடைத்தது. அவருடைய பட்டி 5 சென்ரிமீற்றர் அகலம்தான். அந்த ஒடுக்கமான பட்டி அழுத்தத்தைக் கூட்டிக் காட்டுகிறது என்று 1901இல் ஃபொன் ரெக்லிங்ஹௌசன் கண்டறிந்து அகலமாக்கினார். பட்டியின் அளவு பற்றிய தகராறு, ஆகவே, பட்டியைப் போலவே பழையது. அது இன்னும் முடியவில்லை என்பதைப் பின்னர் பார்ப்போம். அதே 1901இல் இத்தாலி சென்ற ஹார்வி குஷிங் இந்தக் கருவியைப் பால்ட்டிமோருக்கு எடுத்துச் சென்று, சத்திரசிகிச்சையின்போது அழுத்தத்தைத் தாளில் பதிவுசெய்யும் வழக்கத்தைப் பரப்பினார். 1905இல் ரஷ்ய வைத்தியர் கொரொட்கொஃப், பட்டிக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் ஒலி பிறந்து மறைவதைக் கேட்கலாம் என்று ஒரு பக்கம்கூட நிரம்பாத அறிக்கையில் எழுதினார். மேல் பிரஷர், கீழ் பிரஷர் என்று நாம் சொல்லும் இரண்டு எண்களும் அந்த ஒலியிலிருந்து வந்தவை.

ஊசிப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1949இல் தோல்வழியாக மெல்லிய நெகிழ்குழாயைத் தமனியில் செருகி வைக்கும் முறை வெளிவந்தது. 1953 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் ஜோன் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் திறந்த இதயச் சத்திரசிகிச்சையை வெற்றிகரமாகச் செய்தபின், அந்தக் குழாய் இன்றியமையாததாயிற்று. 1976இல் டைனாமாப் என்ற தானியங்கிக் கருவி வந்தது. யாரும் காது வைக்காமலே பட்டி தானாக ஊதி, தானாக இறங்கி, எண்ணைக் காட்டத் தொடங்கியது. இன்றைய வாட்டுகளில் சுவரோரம் நிற்கும் மொனிற்றர்கள் அதன் வழித்தோன்றல்கள்.

எல்லா இதயச் சிகிச்சையும் ஒன்றல்ல

'இதயச் சிகிச்சையின்போது' என்று பொதுவாகப் பேசுவதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் கண்டியிலும் கராப்பிட்டியவிலும் நடக்கும் திறந்த இதயச் சத்திரசிகிச்சை ஒரு முனை. இயந்திரம் இரத்தத்தை ஓட்டும் நேரத்தில் நாடித்துடிப்பே இருப்பதில்லை. ஓட்டம் சீராக, அலையின்றிச் செல்கிறது. துடிப்பை நம்பி வேலை செய்யும் கைப்பட்டி, விரல்பட்டி, ஒட்சிசன் மானி மூன்றும் அந்தப் பொழுதில் ஊமையாகிவிடும். அங்கே தமனிக் குழாய்க்கு மாற்று இல்லை. இந்த ஒரு விடயத்தில் கருத்து வேறுபாடும் இல்லை.

அஞ்சியோகிராமிலும் ஸ்டென்ட் வைப்பதிலும் கேள்வி வேறு விதமாக அமைகிறது. கதீற்றரின் நுனி மகாதமனியில் இருப்பதால் அழுத்த அலை மொனிற்றரில் இலவசமாகக் கிடைக்கிறது. 1989இல் லூசியன் கம்போ மணிக்கட்டு வழியாக இதயத் தமனிகளைப் படமெடுத்தார். 1992இல் கீமெனே அதே வழியில் சிகிச்சையும் செய்தார். மணிக்கட்டு வழி பரவியதிலிருந்து, சிகிச்சையும் கண்காணிப்பும் ஒரே துளையில் அடங்கிவிட்டன. அந்த அலை எண்ணைவிட அதிகம் பேசும். கதீற்றர் நுனி ஒடுங்கிய தமனி வாயில் போய் அடைத்துக்கொண்டால் அலை சட்டென்று தாழ்ந்து உருமாறும். அதைக் கண்டதும் கை பின்வாங்க வேண்டும். ஆனால் சாயம் செலுத்தும் விநாடிகளில் அலை மறைகிறது, கதீற்றரை வெளியே எடுத்ததும் முற்றாக நின்றுவிடுகிறது. நோயாளி வாட்டுக்குத் திரும்பியபின் மிஞ்சுவது கைப்பட்டிதான்.

பேஸ்மேக்கர் பொருத்துவது, மின்னதிர்ச்சியால் இதயத் தாளத்தைச் சீராக்குவது, இதயத்தைச் சுற்றித் தேங்கிய நீரை எக்கோ பார்த்துக்கொண்டே வடிப்பது போன்றவற்றில் பெரும்பாலும் கைப்பட்டியும் ஈ.சி.ஜி.யும் ஒட்சிசன் மானியும் போதும் என்பதே வழக்கம். பேஸ்மேக்கர் பொருத்தும்போது ஒரு நுட்பம் உண்டு. இரத்தக்கசிவை நிறுத்த மின்கத்தியை அழுத்தியதும் ஈ.சி.ஜி. கோடு கிறுக்கலாகிவிடும். இதயம் துடிக்கிறதா நின்றுவிட்டதா என்று கோடு சொல்லாது. விரலில் மாட்டிய ஒட்சிசன் மானியின் சிறு அலை சொல்லும். மின்சாரம் இதயத்தைத் தொட்டாலும் இரத்தம் விரலுக்கு வந்ததா என்பதற்கு அந்த அலையே சாட்சி. 1974இல் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி வெளியிட்ட யோசனை இரத்தத்தின் ஒட்சிசனை அளப்பதற்கானது. அது இரத்த ஓட்டத்தின் காவலாளியாகவும் பயன்படுவது பயிற்சியில் பிறந்த அறிவு.

ஊசியை நம்புவோர்

தமனிக் குழாயே உண்மை, மற்றவை மதிப்பீடு என்பது முதல் நிலைப்பாடு. அதன் வலு வெளிப்படையானது. துடிப்புக்குத் துடிப்பு அளவு கிடைக்கிறது. அழுத்தம் சரியும்போது நிமிடக்கணக்கில் காத்திராமல் விநாடிகளில் தெரிகிறது. அதே குழாயிலிருந்து இரத்தமும் எடுத்துப் பரிசோதிக்கலாம். மகாதமனி வால்வைக் கதீற்றர் வழியாக மாற்றும்போது இதயத்தை வேண்டுமென்றே அதிவேகமாகத் துடிக்க வைத்து அழுத்தத்தைத் தற்காலிகமாகக் கீழே இறக்குகிறார்கள். அந்தச் சில விநாடிகளைக் கைப்பட்டியால் பின்தொடர முடியாது.

ஆனால் 'நேரடி' என்ற சொல் தரும் நம்பிக்கை சற்று மிகையானது. குழாயின் மறுமுனையில் உள்ள உணரியை இதயத்தின் மட்டத்தில் வைக்க வேண்டும். 10 சென்ரிமீற்றர் கீழே தொங்கினால் ஏறக்குறைய 7.5 மில்லிமீற்றர் கூட்டிக் காட்டும். கட்டிலை உயர்த்திவிட்டு உணரியை உயர்த்த மறப்பது உலகெங்கும் நடக்கும் சாதாரணப் பிழை. குழாய்க்குள் சிறு காற்றுக்குமிழி இருந்தால் அலை மழுங்கி, மேல் அழுத்தம் குறைவாகத் தெரியும். இன்னொன்று இதைவிட முக்கியம். இதய-நுரையீரல் இயந்திரத்திலிருந்து விடுவித்த உடனே சிலருக்கு மணிக்கட்டுத் தமனியின் அழுத்தம் மகாதமனியின் அழுத்தத்தைவிடக் கணிசமாகக் குறைந்திருக்கும். மணிக்கட்டை மட்டும் நம்பியவர் தேவையில்லாமல் மருந்தைக் கூட்டுவார். மணிக்கட்டுக்குழாயால் நிரந்தரமாகக் கைக்கு இரத்த ஓட்டம் தடைப்படுவது அரிது, 1,000இல் ஒருவர் அளவுக்கும் குறைவு என்று பெரிய தொகுப்பாய்வு கூறுகிறது. தற்காலிக அடைப்போ ஐந்தில் ஒருவருக்கு ஏற்படலாம். செலவும் சேர்கிறது. உணரித் தொகுதியும் அழுத்தப்பையும் ஒருமுறை பாவித்து எறிபவை. 2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கை வைத்தியசாலைகள் வழமையான சத்திரசிகிச்சைகளையே ஒத்திவைத்ததை நினைத்தால், எறிந்துவிடும் பொருளை நம்பிய கண்காணிப்பு எவ்வளவு எளிதில் அறுந்துபோகும் என்பது புரியும்.

கைப்பட்டியை நம்புவோர்

இரண்டாவது நிலைப்பாடு, பெரும்பாலான நோயாளிகளுக்குக் கைப்பட்டி போதும் என்கிறது. தானியங்கிக் கருவி வேலை செய்யும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் அதன் பலவீனம் முழுவதும் அங்கேயே இருக்கிறது. பட்டி ஊதி, படிப்படியாக இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் தமனியின் துடிப்பு பட்டிக்குள் இருக்கும் காற்றைச் சிறிது அசைக்கிறது. அசைவு உச்சத்தைத் தொடும் இடம் சராசரி அழுத்தம். இதை மட்டுமே கருவி உண்மையில் அளக்கிறது. மேலும் கீழும் உள்ள இரு எண்களும் தயாரிப்பாளரின் சூத்திரம் கணக்கிட்டுத் தருபவை. அந்தச் சூத்திரம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு, வெளியிடப்படுவதும் அபூர்வம். டைனாமாப்பின் முதல் மாதிரி சராசரியை மட்டுமே காட்டியது. அந்த அடக்கம் இழக்கப்பட்டது வருத்தத்துக்குரியது என்றே நினைக்கத் தோன்றுகிறது.

ஊசி அளவையும் பட்டி அளவையும் ஒரே நேரத்தில் எடுத்து ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் ஒரு விடயத்தில் ஒத்துப்போகின்றன. அழுத்தம் மிகத் தாழ்ந்திருக்கும்போது பட்டி கூட்டிக் காட்டுகிறது. மிக உயர்ந்திருக்கும்போது குறைத்துக் காட்டுகிறது. அதாவது ஆபத்தான இரு முனைகளிலும் அது நம்மை நடுவுக்கு இழுக்கிறது. சராசரி அழுத்தத்தில் இந்தப் பிழை குறைவு. ஆகவே அதிர்ச்சி நிலையில் இருக்கும் நோயாளிக்குப் பட்டியைத்தான் நம்ப வேண்டியிருந்தால், மேல் எண்ணைவிட அடைப்புக்குறிக்குள் சிறிதாகத் தெரியும் சராசரி எண்ணைப் பார்ப்பது பாதுகாப்பானது.

இன்னொரு எல்லை, இடைவெளி. அமெரிக்க மயக்கமருந்து வைத்தியர் சங்கம் 1986இல் வகுத்த தரம் குறைந்தது 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கச் சொன்னது. அதுவே உலகப் பழக்கமாயிற்று. கதீற்றர் இதயச் சுவரைத் துளைத்து இரத்தம் இதயப்பைக்குள் கசிந்தால் 5 நிமிடம் நீண்ட நேரம்.

இந்த நிலைப்பாட்டுக்கு அண்மையில் புதிய வலு கிடைத்துள்ளது. பிரான்சின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அதிர்ச்சி நிலையிலிருந்த ஏறத்தாழ 1,000 நோயாளிகளிடம் நடந்து 2025இல் வெளியான ஆய்வு, உடனே தமனிக் குழாய் போட்டவர்களையும் கைப்பட்டியுடன் தொடங்கித் தேவைப்பட்டால் மட்டும் குழாய்க்கு மாறியவர்களையும் ஒப்பிட்டது. 28 நாள் மரணத்தில் பட்டிக் குழு பின்தங்கவில்லை. அவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்குப் பின்னர் குழாய் தேவைப்பட்டது. திரும்பத் திரும்ப ஊதும் பட்டியால் வலியும் அவர்களுக்குச் சற்று அதிகம். இது தீவிர சிகிச்சைப் பிரிவின் முடிவு. ஒவ்வொரு கட்டிலையும் கவனிக்க ஆள் இருக்கும் இடத்தில், குழாய் போடக்கூடிய கை அருகில் இருந்த இடத்தில் கிடைத்த முடிவு. அதை அப்படியே கதீற்றர் அறைக்கோ அம்புலன்ஸுக்கோ எடுத்துச் செல்ல முடியாது.

விரலில் தொடர்ந்து அளப்போர்

துளைக்காமலும் இருக்க வேண்டும், தொடர்ச்சியாகவும் இருக்க வேண்டும் என்ற ஆசையிலிருந்து மூன்றாவது நிலைப்பாடு பிறந்தது. செக் நாட்டு உடலியங்கியலாளர் யான் பெனியாஸ் 1973இல் முன்வைத்த யோசனை நேர்த்தியானது. விரலைச் சுற்றிய சிறு பட்டியின் அழுத்தத்தை, உள்ளே தமனியின் பருமன் சிறிதும் மாறாதபடி, துடிப்புக்குள்ளேயே ஏற்றி இறக்குவது. தமனியை அசையாமல் பிடித்து வைக்கத் தேவைப்படும் வெளியழுத்தமே உள்ளழுத்தம். நெதர்லாந்தில் வெஸ்ஸலிங் குழுவினர் 1980களில் இதைக் கருவியாக்கினார்கள். இன்று வணிகப் பெயர்கள் பல. மணிக்கட்டுத் தமனியை மேலிருந்து மெல்ல அமுக்கி அலையைப் படிக்கும் உணரிகள் 1963 முதல் வந்துகொண்டிருக்கும் இன்னொரு வழி.

சராசரிப் பிழை 5 மில்லிமீற்றருக்குள்ளும் சிதறல் 8க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது அளவுகோல். 2014இல் 28 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இக்கருவிகள் மொத்தத்தில் அந்த வரம்பைத் தாண்டுகின்றன என்று கண்டார்கள். மறுபுறம், இதயமல்லாத சத்திரசிகிச்சைகளில் விரல் கருவியைத் தொடர்ந்து பார்த்த மயக்கமருந்து வைத்தியர்கள், அழுத்தம் சரிந்து கிடந்த நேரத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள் என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. சரியான எண்ணைத் தராவிட்டாலும் சரியும் திசையைச் சீக்கிரம் காட்டுவதில் பயன் உண்டு என்பதே இதன் நியாயமான விளக்கம். அதனால் நோயாளிகள் கூடுதலாகப் பிழைத்தார்களா என்பது வேறு கேள்வி.

கருவியின் தடை உடலிலேயே இருக்கிறது. அழுத்தத்தை உயர்த்தும் மருந்துகள் விரல்தமனிகளைச் சுருக்குகின்றன. குளிரும் அதையே செய்கிறது. விரலுக்கு இரத்தம் குறைந்த வேளையில்தான் அளவு மிகவும் தேவை, அந்த வேளையில்தான் கருவி தடுமாறுகிறது. அழுத்தச் சரிவை முன்கூட்டியே சொல்வதாக 2018இல் வந்த கணினிச் சுட்டெண் மீதும் இதே எச்சரிக்கை தேவை. அது பெரும்பாலும் அப்போதைய சராசரி அழுத்தத்தையே வேறு வடிவில் திருப்பிச் சொல்கிறது என்று பின்னர் எழுதியவர்களின் வாதம் வலுவானது.

அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு

நான்காவது நிலைப்பாடு கேள்வியையே மாற்றுகிறது. உறுப்புகளுக்கு வேண்டியது இரத்த ஓட்டம்; அழுத்தம் அதன் நிழல்தான். லயத்துக்கு வரும் தண்ணீர்க் குழாயை நடுவில் நசுக்கினால் நசுக்கிய இடத்துக்கு முன்னால் அழுத்தம் ஏறும், கடைசி வீட்டுக் குடத்தில் தண்ணீர் விழாது. மருந்தால் இரத்தக்குழாய்களைச் சுருக்கிச் சராசரி அழுத்த எண்ணை 65க்கு மேல் கொண்டுவந்துவிட்டுச் சிறுநீர் நின்றுபோன நோயாளியைப் பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

ஓட்டத்தை அளக்கும் முயற்சியில் 1970இல் வந்த ஸ்வான்-கான்ஸ் கதீற்றர் முதலில் கோலோச்சியது. இதயத்தின் வலப்புறம் வழியாக நுரையீரல் தமனி வரை செல்லும் அந்தக் குழாய், 1996இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் அதிக மரணத்துடன் தொடர்புபட்டிருந்தது. 2005இல் வந்த பிரித்தானிய ஆய்வு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்றது. எண் கிடைத்தாலே பலன் கிடைத்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் மருத்துவத்தில் குறைவு.

துளைக்காத வழிகளில் எக்கோ தனித்து நிற்கிறது. 1953இல் லுண்ட் நகரில் எட்லரும் ஹெர்ட்ஸும் தொடங்கியது. அழுத்தம் ஏன் சரிந்தது என்று காரணம் சொல்லும் துளைக்காத கருவி அநேகமாக அது ஒன்றுதான். இதயப்பைக்குள் இரத்தம் தேங்கியிருக்கிறதா, அறை வெறுமையாக இருக்கிறதா, சுவர் அசையவில்லையா என்பதைப் பார்த்தே சொல்லலாம். பார்க்கத் தெரிந்த கண் வேண்டும் என்பதே அதன் விலை. செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரின் மூச்சுக்காற்றில் வெளிவரும் காபனீரொட்சைட்டும் ஓட்டத்தின் அடையாளம். நுரையீரலுக்கு இரத்தம் குறைந்தால் அந்த எண் திடீரென விழும்.

எல்லாவற்றிலும் மலிவானது விரல்நுனிச் சோதனை. சுட்டுவிரலின் உட்புறத்தைக் கண்ணாடித் துண்டால் 10 விநாடி அமுக்கி விடுவித்து, நிறம் திரும்ப எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுவது. 3 விநாடிக்கு மேல் என்றால் ஓட்டம் குறைவு. 2019இல் இலத்தீன் அமெரிக்காவில் 424 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், இதை வைத்துச் சிகிச்சையை வழிநடத்திய குழுவில் 28 நாள் மரணம் 34.9 சதவீதம், இரத்த லக்டேட்டை வைத்து வழிநடத்திய குழுவில் 43.4. புள்ளியியல் உறுதிக்கு அது மயிரிழை குறைந்தது. அவர்கள் கிருமித்தொற்று அதிர்ச்சி நோயாளிகள், இதய நோயாளிகள் அல்ல. ஆயினும் கருவியே இல்லாத ஒரு சோதனை ஆய்வுகூடப் பரிசோதனையோடு தோளுரசி நின்றது சாதாரணமல்ல. முதியவர்களிலும் குளிரிலும் இந்த நேரம் இயல்பாகவே நீளும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

நாடி பார்க்கும் மரபு நம்மிடம் நீண்டது. நவீன அவசர சிகிச்சையும் ஒரு காலத்தில் அதைச் சூத்திரமாக்கியது: மணிக்கட்டில் நாடி தட்டுப்பட்டால் மேல் அழுத்தம் 80க்குக் குறையாது என்று கற்பித்தார்கள். 2000இல் தமனிக் குழாயுடன் இருந்த நோயாளிகளில் அதைச் சரிபார்த்தபோது, அதைவிட மிகக் குறைந்த அழுத்தத்திலும் மணிக்கட்டு நாடி தட்டுப்பட்டது. நாடி இல்லை என்பது பெரிய எச்சரிக்கை. நாடி இருக்கிறது என்பதை உத்தரவாதமாகக் கொள்ளலாகாது.

ஹல்துமுல்லையிலிருந்து பார்க்கும்போது

தோட்ட மக்களின் மருத்துவத்துக்கு 1872 முதலே தனிச் சட்டம் இருந்தது. 1990களிலிருந்து தோட்ட வைத்தியசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஆயினும் பல தோட்டங்களில் முதல் பிரஷரைப் பார்ப்பவர் இன்றும் தோட்ட வைத்திய உதவியாளர்தான். அங்கிருந்து பெரகலை ஏறி, ஹப்புத்தளை வழியாகத் தியத்தலாவைக்கோ, பண்டாரவளை கடந்து பதுளைக்கோ செல்லும் வளைவுப் பாதை. 2014 ஒக்ரோபர் 29இல் மீரியபெத்தை மண்சரிவைக் கண்ட பிரதேசம் இது. அடைமழையில் வீதி எப்போது மூடும் என்று சொல்ல முடியாது.

இந்த மக்களுக்குப் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் இதயச் சிகிச்சை, அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்து. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 இலட்சம் அலகுகள், ஏறக்குறைய ஒரு மணிநேரத்தில் ஏறும். 17,187 நோயாளிகளைக் கொண்டு 1988இல் வெளிவந்த ஆய்வில், அம்மருந்து பெற்றவர்களில் ஏறக்குறைய 10 சதவீதத்தினருக்கு அழுத்தச் சரிவோ நாடி மந்தமோ ஏற்பட்டது. அப்போது சொட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும். அதே மருந்து இரத்தம் உறையும் தன்மையைக் குலைப்பதால் தமனியில் ஊசி போடுவதைத் தவிர்க்கவும் வேண்டும். துளைக்காத கண்காணிப்பு இங்கே வசதிக்கான தெரிவு அல்ல, மருத்துவரீதியாகச் சரியான தெரிவு. பெருநகர விவாதங்களில் இந்த இடம் அநேகமாகப் பேசப்படுவதே இல்லை.

அந்த ஒரு மணிநேரத்தின் நுணுக்கங்கள் சிறியவை, விளைவோ பெரியது. மருந்து ஏறும் கையிலேயே பட்டியைக் கட்டினால், பட்டி ஊதும் ஒவ்வொரு முறையும் சொட்டு நின்று இரத்தம் குழாய்க்குள் பின்வாங்கும். ஒட்சிசன் மானியும் அதே கையில் இருந்தால் அலை மறைந்து அலாரம் அடிக்கும். நாலு முறை வீணாக அடித்த அலாரத்தை ஐந்தாம் முறை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பட்டியை மறு கைக்கு மாற்றினால் இரண்டும் தீரும். உறைவு குலைந்த உடலில் இறுக்கமாகத் திரும்பத் திரும்ப ஊதும் பட்டிக்குக் கீழே தோலில் இரத்தப் புள்ளிகள் தோன்றலாம். தோலையும் இடையிடையே பார்க்க வேண்டும்.

பட்டியின் அளவு இங்கே தனிக் கவனம் கேட்கிறது. வழக்கமான வயதுவந்தோர் பட்டி 27 முதல் 34 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள புயத்துக்கு உரியது. இலங்கையின் குடித்தொகை, சுகாதார ஆய்வுகளில் எடை குறைந்த பெண்களின் விகிதம் தோட்டத்துறையிலேயே அதிகம். கொழுந்து பறித்தே ஆயுளைக் கழித்த ஒரு பெண்ணின் புயம் 23 சென்ரிமீற்றருக்கும் குறைவாக இருப்பது வியப்பல்ல. அதில் பெரிய பட்டியைச் சுற்றினால் அழுத்தம் குறைத்துக் காட்டும். சிறு பட்டி தேவைப்பட்டவர்களுக்கு வழக்கமான பட்டியைப் போட்டபோது மேல் அழுத்தம் சராசரியாக 3.6 மில்லிமீற்றர் குறைந்ததாக 2023இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. சிறிய வித்தியாசம்தான். ஆனால் 92ஆ 88ஆ என்பதை வைத்து மருந்தை நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவெடுக்கும் இடத்தில் அது சிறியதல்ல. நல்ல பட்டிகள் மூன்று அளவுகளில் ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் இருப்பது, விரலில் மாட்டும் விலையுயர்ந்த கருவி ஒன்றைவிட இந்த மக்களுக்கு அதிகம் பயன்தரும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அடுத்தது பயணம். 2016இல் இந்திய உதவியுடன் தொடங்கி 2018 முதல் மற்ற மாகாணங்களுக்கும் விரிந்த, 1990 என்ற தொலைபேசி எண்ணால் அறியப்படும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, நோயாளியோடு பயிற்சி பெற்ற ஒருவரும் கூட வருவதை உறுதி செய்தது. ஆனால் தானியங்கிப் பட்டி காற்றின் சிற்றசைவைப் படித்து வேலை செய்வது. வண்டியின் குலுக்கலை அது துடிப்பென்று எண்ணிக் குழம்பும். ஸ்டெதஸ்கோப்பில் கேட்பதும் இயந்திர ஓசையில் கடினம். வண்டியை ஒரு நிமிடம் நிறுத்தி அளப்பதா, ஓடவிட்டு அலையையும் விரல்நுனியையும் பார்ப்பதா என்பது அங்கே உடனிருப்பவர் எடுக்க வேண்டிய முடிவு. 1,400 மீற்றருக்கு மேலே உள்ள ஹப்புத்தளைக் குளிரில் விரல்நுனியும் பொய் சொல்லும்.

ஒட்சிசன் மானிக்கும் ஒரு குறை உண்டு. மானி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையில் ஒட்சிசன் 88க்குக் கீழே இருந்தவர்கள் கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையர்களில் 3.6 சதவீதம் என்று 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வெயிலில் மலை ஏறி இறங்கிக் கறுத்த தோலுள்ள நம் மக்களுக்கும் இந்தப் பிழை ஓரளவு இருக்கக்கூடும் என்று கொண்டு, 93, 94 என்ற எண்களில் நிம்மதி அடையாதிருப்பது விவேகம்.

தீராமல் நிற்பவை

சான்றுகளை நிறுத்துப் பார்த்தால், சில விடயங்களில் ஓரளவு தெளிவு உண்டு. துடிப்பில்லா ஓட்டத்திலும் விநாடிகளில் அழுத்தத்தை மாற்றும் சிகிச்சைகளிலும் தமனிக் குழாய் தேவை. கட்டி கரைக்கும் மருந்து ஏறும்போது கைப்பட்டியே பொருத்தம். இவற்றுக்கு இடைப்பட்ட பெரும் பரப்பில் 'எது சிறந்தது' என்ற கேள்வி, கையில் இருக்கும் எண்ணைக் கொண்டு யார், எவ்வளவு விரைவில், என்ன செய்வார் என்ற கேள்வியிலிருந்து பிரிக்க முடியாதது. விரல் கருவிகளின் ஆய்வுகள் பெரும்பாலும் கருவிகளின் ஒப்புமையை அளந்தன. நோயாளிக்கு என்ன நேர்ந்தது என்பதை அளந்தவை குறைவு.

ஒழுங்கற்ற நாடி அதைவிடக் கடினமான சிக்கல். வாதக்காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களில் மேலறை நடுக்கம் சகஜம். அவர்களில் ஒவ்வொரு துடிப்பும் ஒவ்வோர் அளவு. படிப்படியாக இறங்கும் பட்டி ஒரு படியில் பெரிய துடிப்பையும் அடுத்ததில் சிறியதையும் பிடித்தால் சூத்திரம் தடம்புரளும். மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது தற்போதைய வழி. பலூன் கொண்டு வால்வை விரிக்கும் நடுவில் மூன்று முறை அளக்க நேரம் கிடைப்பதில்லை. இதற்கென்று கருவிச் சூத்திரங்கள் எழுதப்படுகின்றன. பொதுவாக ஏற்ற தரம் இன்னும் உருவாகவில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் எல்லைக்கோட்டின் பிரச்சினை இருக்கிறது. இதய அதிர்ச்சியை வரையறுக்க மேல் அழுத்தம் 90 என்ற கோட்டை 1999இன் புகழ்பெற்ற ஆய்வு உட்பட எல்லோரும் பாவிக்கிறார்கள். சராசரி அழுத்தம் 55க்குக் கீழே சில நிமிடங்கள் இருந்தாலே சிறுநீரகமும் இதயமும் பாதிப்புறும் அபாயம் கூடுவதை 2013இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. பின்னர் வந்தவை 65ஐக் கோடாக்கின. பல ஆண்டுகளாக 160இல் வாழ்ந்து கிளினிக் மருந்தைத் தவறவிட்டவருக்கு 95 போதுமா என்பதும், வாழ்நாள் முழுக்க 95இலேயே கொழுந்து பறித்த மெலிந்த பெண்ணுக்கு 88 அதிர்ச்சிதானா என்பதும் அந்தக் கோடுகளால் தீராதவை. அவரவர் வழக்கமான அளவு, எந்தக் கையில், எந்த அளவுப் பட்டியில், எத்தனை மணிக்கு எடுத்தது என்ற குறிப்போடு அனுப்புக் கடிதத்தில் வந்தால்தான் மேலுள்ள வைத்தியசாலையில் இதற்கு விடை தேடத் தொடங்க முடியும்.